ஊருக்குள் சரி, பை-பாஸில்? டாடா நானோ: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் தெருவில் இன்னும் ஒரு மஞ்சள் நானோ ஓடுகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. காலையில் உழவர் சந்தை, மாலையில் டியூஷனிலிருந்து பேத்தியைக் கூட்டி வருவது, இடையில் வங்கி, மருந்துக் கடை. இரண்டு பைக் நிற்கிற இடம் கிடைத்தால் போதும், நிறுத்திவிடுவார். "இது சேஃப்தானா சார்?" என்று யாராவது கேட்டால், "நான் போற வேகத்துக்கு இது போதும்ப்பா" என்பார். அவர் சொல்வது சரிதானா என்று பார்க்கப் போய்த்தான் இந்த ஆய்வு இவ்வளவு நீண்டுவிட்டது.

சின்ன கார் என்றாலே நம் ஊரில் இரண்டே தீர்ப்புதான். ஒன்று, "அது காரே இல்லை, தகர டப்பா." இன்னொன்று, "நம்ம ரோட்டுக்கும் நெரிசலுக்கும் இதுதான் சரி." நானோவுக்கு இரண்டும் கிடைத்தன, அதுவும் ஒரே காலத்தில். மூன்று மீட்டர் நீளக் கார் ஒன்று எதற்குப் பொருந்தும், எங்கே கைவிடும் என்று பார்க்க நானோவைவிட நல்ல உதாரணம் இந்தியாவில் இல்லை. வாக்குறுதி, விலை, வடிவமைப்பு, மோதல் சோதனை, விற்பனை எல்லாமே பொதுவெளியில் நடந்தவை.

ஒரு லட்சத்துக்குள் என்னவெல்லாம் அடங்கும்

2008 ஜனவரி 10 அன்று டெல்லி பிரகதி மைதானத்தில் நடந்த ஆட்டோ எக்ஸ்போவில் ரத்தன் டாடா நானோவை அறிமுகப்படுத்தினார். அப்போது அவர் சொன்ன காட்சி பலருக்கு நினைவிருக்கும்: ஒரே ஸ்கூட்டரில் ஒரு குடும்பம். அப்பா ஓட்டுகிறார், பிள்ளை முன்னால் நிற்கிறது, அம்மா கைக்குழந்தையோடு பின்னால். இவர்களுக்கு மழை படாத, விழாத ஒரு வண்டி வேண்டும். விலை ஒரு லட்சம் ரூபாய். வரியும் போக்குவரத்துச் செலவும் சேராத விலைதான் அது. ஆனாலும் அன்றைய தேதியில் அதை யாரும் எளிதில் நம்பவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமாக ஒரு காரை வடிவமைத்துவிட்டு, ஆகும் செலவுக்கு ஏற்ப விலை வைப்பார்கள். நானோவில் விலை முதலில் வந்தது, கார் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. கிரீஷ் வாக் தலைமையிலான பொறியாளர் குழு ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, இது இல்லாமல் ஓடாதா என்று கேட்டது. முன் கண்ணாடிக்கு ஒரே வைப்பர். சக்கரத்துக்கு நான்குக்குப் பதில் மூன்று நட்டு. அடிப்படை மாடலில் வெளிப்புறக் கண்ணாடி ஓட்டுநர் பக்கம் மட்டும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பவர் ஸ்டியரிங் இல்லை, ஏர்பேக் இல்லை. டிக்கிக்கு வெளியிலிருந்து திறக்கும் கதவு இல்லை. பின் இருக்கையை மடக்கி உள்ளிருந்துதான் சாமான் வைக்க வேண்டும்.

இன்ஜின் 624 சிசி, இரண்டு சிலிண்டர், ஏறத்தாழ 35 குதிரைத்திறன். அது பின் இருக்கைக்கு அடியில், பின்சக்கரங்களுக்கு இடையே உட்கார்ந்திருந்தது. இதுதான் நானோவின் கெட்டிக்காரத்தனம். முன்னால் இன்ஜினுக்கு இடம் ஒதுக்க வேண்டாம் என்பதால், 3.1 மீட்டர் நீளத்துக்குள் நான்கு பேர் முழங்கால் இடிக்காமல் உட்கார முடிந்தது. மாருதி 800-ஐவிட வெளியே 8 சதவீதம் சின்னது, உள்ளே 21 சதவீதம் பெரியது என்று நிறுவனம் சொன்னது. உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். உயரமான ஆட்கள்கூடத் தலை குனியாமல் ஏறிக்கொள்வார்கள்.

அதற்கும் ஒரு விலை உண்டு. இன்ஜின் பின்னால் போனதும் எடையில் பெரும்பங்கு பின்சக்கரங்கள் மேல் விழுந்தது. அதனால் பின்டயர் அகலம், முன்டயர் ஒல்லி. மூக்குக்குள் ஸ்டெப்னி. பெட்ரோல் ஊற்றும் மூடியும் அங்கேதான். பங்க்கில் இறங்கி பானெட்டைத் திறந்துவிட வேண்டும். டேங்க் 15 லிட்டர்தான்.

சிங்கூர் கதையை எல்லோரும் அறிவார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். மேற்கு வங்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் நிலத்தில் ஆலை எழுந்துகொண்டிருந்தபோது, நிலம் கையகப்படுத்தியதை எதிர்த்து மம்தா பானர்ஜி நடத்திய போராட்டம் வலுத்தது. 2008 அக்டோபரில் டாடா வெளியேறி, குஜராத்தின் சாணந்துக்குப் போனது. 2009 மார்ச்சில் கார் விற்பனைக்கு வந்துவிட்டது, சாணந்து ஆலை தொடங்கியதோ 2010 ஜூனில். நடுவே உத்தராகண்டின் பந்த்நகரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்தார்கள். இரண்டு லட்சம் பேருக்கு மேல் முன்பதிவு செய்திருந்தார்கள். குலுக்கல் போட்டு ஒரு லட்சம் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆர்வம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் கொடுக்கக் கார் இல்லை.

ஊருக்குள் அதன் வேலை

பழுது சொல்லும் முன் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நகரத்துக்குள் நானோ நல்ல வண்டி. திரும்பும் ஆரம் நான்கு மீட்டர். மதுரை மாசி வீதிகளிலோ, கோவை டவுன்ஹால் பக்கமோ, சென்னை மயிலாப்பூர் மாடவீதியிலோ பெரிய கார்க்காரர் மூன்று முறை ரிவர்ஸ் எடுத்துத் திரும்புகிற இடத்தில், நானோ ஒரே வளைப்பில் திரும்பிவிடும். இருக்கை உயரம் என்பதால் நாலாபக்கமும் தெரியும். முன்பாரம் குறைவு என்பதால் பவர் ஸ்டியரிங் இல்லாதது முதுகை ஒடிப்பதில்லை. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் 180 மி.மீ. இடைவெளி, நம் ஊர் வேகத்தடைகளைத் தாண்ட அது தாராளம். அதிகாரப்பூர்வ மைலேஜ் லிட்டருக்கு 23.6 கி.மீ.

நகர வண்டியாக அது தேறியதற்குச் சான்று கேட்டால் நான் கொழும்பைக் காட்டுவேன். 2011-இல் இலங்கைக்கு ஏற்றுமதியான நானோ, அங்கே ஆட்டோவுக்கும் காருக்கும் இடைப்பட்ட டாக்ஸியாக ஓடியது. வாடகை வண்டிச் செயலியில் 'நானோ' என்றே ஒரு பிரிவு இருந்தது. வாடகை ஆட்டோவைவிடக் கொஞ்சம் கூடுதல், காரைவிடக் குறைவு, மழை நனைக்காது. இந்தியாவில் அந்த வண்டி எந்த இடத்தைப் பிடிக்க வந்ததோ, அந்த இடத்தைப் பாக் நீரிணைக்கு அப்பால் பிடித்தது.

குறைகளும் ஊருக்குள்ளேயே தெரிந்துவிடும். ஒரு கேஸ் சிலிண்டர் ஏற்ற வேண்டும் என்றால் பின் இருக்கைக் கதவு வழியாக மல்லுக்கட்ட வேண்டும். விமான நிலையத்துக்குப் பெட்டியோடு போவது என்றால் இரண்டு பேருக்குத்தான் இடம். திறக்கக்கூடிய டிக்கிக் கதவு 2015-இல் வந்த ஜென்எக்ஸ் மாடலில்தான் கிடைத்தது. பவர் ஸ்டியரிங் 2014-இல் வந்தது. கியர் போடத் தேவையில்லாத மாடலும் அதே 2015-இல். எல்லாமே சரியான மாற்றங்கள்தான். ஆறு வருடம் பிந்தி வந்தன, அவ்வளவுதான்.

64 கி.மீ. வேகத்தில்

2014 ஜனவரி கடைசியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் அதிகம் விற்கும் சின்ன கார்கள் ஐந்தை மோதவிட்டுப் பார்த்த முடிவை வெளியிட்டது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வாகன் போலோ. அன்று நாட்டில் விற்ற புதிய கார்களில் ஐந்தில் ஒன்று இந்த ஐந்தில் ஒன்றாக இருந்தது. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்களையே எடுத்துக்கொண்டார்கள். மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், முன்பக்கத்தின் 40 சதவீதம் மட்டும் ஒரு நசுங்கும் தடுப்பில் மோதும். எதிரே வரும் காரோடு ஓட்டுநர் பக்கமாக மோதுவதற்கு ஒப்பான சோதனை அது.

ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். நானோவுக்குக் குழந்தைகள் பாதுகாப்பிலும் பூஜ்யம்.

செய்தித்தாள்கள் அந்தப் பூஜ்யத்தோடு நிறுத்திக்கொண்டன. அறிக்கையில் அதைவிட முக்கியமான ஒரு பகுதி இருந்தது, அதைத்தான் நான் இந்த நிகழ்வின் மையம் என்பேன். ஃபிகோவிலும் போலோவிலும் மனிதர்கள் உட்காரும் கூடு குலையாமல் நின்றது. அந்தக் கூட்டுக்குள் ஏர்பேக் வைத்தால் பலன் உண்டு. இரண்டு ஏர்பேக் வைத்த போலோவைச் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஆல்டோ, நானோ, ஐ10 மூன்றிலும் கூடே வெவ்வேறு அளவில் உருக்குலைந்தது. இவற்றில் ஏர்பேக் வைத்தாலும் பெரிய பயன் இராது என்று அறிக்கை தெளிவாகவே சொன்னது.

இது ஏன் முக்கியம்? மோதலில் ஒரு கார் இரண்டு வேலை செய்ய வேண்டும். முன்பாகம் நசுங்கி வேகத்தை விழுங்க வேண்டும். ஆட்கள் இருக்கும் கூடு நசுங்கவே கூடாது. 64 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 60 செ.மீ. தூரம் கிடைத்தால், உடல் மீது விழும் சராசரி விசை உடல் எடையைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு. 40 செ.மீ.தான் கிடைத்தால் 40 மடங்கு. நசுங்க இருபது சென்டிமீட்டர் குறைந்ததற்கு இவ்வளவு வித்தியாசம். மூக்கு குட்டையான காரில் அந்தச் சென்டிமீட்டர்களுக்கு எங்கே போவது? கூட்டை இன்னும் உறுதியாக்கி, பெல்ட்டும் ஏர்பேக்கும் சேர்ந்து உடலை மெல்ல நிறுத்துமாறு செய்துதான் ஈடுகட்ட வேண்டும். உறுதியான கூட்டுக்கு உயர்ரக எஃகு வேண்டும். அது எடை, அது காசு. ஒரு லட்ச ரூபாய் என்று முதலிலேயே கோடு போட்டுவிட்ட காரில் அந்தக் காசு இல்லை.

நிறுவனங்கள் தரப்பில் வந்த பதில், இந்தியச் சட்டம் கேட்டதையெல்லாம் செய்திருக்கிறோம் என்பது. பொய்யில்லை. அன்று இந்தியாவில் இப்படியொரு மோதல் சோதனை கட்டாயமே இல்லை. புதிய மாடல்களுக்கு 56 கி.மீ. வேகச் சோதனை 2017 அக்டோபரில் வந்தது, ஏற்கெனவே விற்கும் மாடல்களுக்கு 2019 அக்டோபரில். சட்டம் கேட்காத வரை சந்தை கேட்கவில்லை. நானோவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அதனால்தான் எனக்கு உறுத்துகிறது. அதே பூஜ்யம் வாங்கிய ஆல்டோ அதற்கப்புறமும் பல வருடம் நாட்டில் அதிகம் விற்ற காராக இருந்தது.

சின்னதாக இருப்பதே பாவமா?

இங்கே கொஞ்சம் வெளிநாடு போய்வர வேண்டும். நானோவைவிடக் குட்டையான ஒரு காரை ஐரோப்பா 1998-லேயே செய்தது: ஸ்மார்ட். முதல் தலைமுறையின் நீளம் இரண்டரை மீட்டர், இரண்டே இருக்கை, அதற்கும் இன்ஜின் பின்னால்தான். சாலையோரத்தில் குறுக்காக நிறுத்திவிடுவார்கள். ஆனால் அதன் கூடு வெளியே தெரிகிற தடித்த எஃகுச் சட்டம், ஓடு மாதிரி. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு அதைத் தடுப்பில் மோதவிட்டபோது உச்சபட்ச மதிப்பீடு வாங்கியது. அப்படியானால் சின்ன கார் பாதுகாப்பாக இருக்க முடியும், சரிதானே?

அதே அமைப்பு 2009-இல் இன்னொரு சோதனை செய்தது. தடுப்பை எடுத்துவிட்டு, ஸ்மார்ட்டுக்கு எதிரே மெர்சிடிஸ் சி-கிளாஸை ஓடவிட்டது. இரண்டும் மணிக்கு 64 கி.மீ. மோதிய ஸ்மார்ட் தரையைவிட்டு எழும்பி 450 டிகிரி சுழன்றது. ஸ்டியரிங்கும் டாஷ்போர்டும் ஓட்டுநர் இடத்தில் வைத்த பொம்மையின் மார்புக்கு இருந்த இடத்துக்குள் வந்துவிட்டன. மதிப்பீடு: மோசம். அன்று சோதித்த மற்ற இரண்டு சின்ன கார்களுக்கும் அதே தீர்ப்புதான். உறுதியான கூடு இருந்தும் ஏன் இப்படி? தடுப்பில் மோதுவது என்பது தன் எடையுள்ள இன்னொரு காரோடு மோதுவதற்குச் சமம். பெரிய காரோடு மோதும்போது கணக்கே வேறு.

கணக்கை நானோவுக்குப் போட்டுப் பார்க்கலாம். நானோ 600 கிலோ. எதிரே வருவது 1,500 கிலோ எஸ்யூவி. இரண்டும் 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், இரண்டும் சேர்ந்து எஸ்யூவி போன திசையிலேயே 21 கி.மீ. வேகத்தில் நகரும். எஸ்யூவியில் இருப்பவருக்கு வேக மாற்றம் 29 கி.மீ. நானோவில் இருப்பவருக்கு 71 கி.மீ.; ஏனென்றால் 50-இலிருந்து நின்றது மட்டுமல்ல, 21 கி.மீ. வேகத்தில் பின்னால் தள்ளவும் பட்டார். ஒரே விபத்து, ஒரே சாலை, ஒருவருக்கு இன்னொருவரைப்போல் இரண்டரை மடங்கு. எடை வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு. இதை எந்தப் பொறியாளராலும் மாற்ற முடியாது. எதிரே வருவது லாரி என்றால் நான் கணக்கே போடவில்லை.

ஆக இரண்டு தனித்தனிக் குறைகள். கூடு பலவீனமாக இருப்பது காசின் குறை, பணம் செலவழித்தால் தீரும். எடை குறைவாக இருப்பது அளவின் குறை, அது தீராது. வேகத்தைக் குறைத்தால் மட்டும் தணியும். 64 கி.மீ. மோதலின் ஆற்றலோடு ஒப்பிட்டால் 40 கி.மீ. மோதலில் இருப்பது ஐந்தில் இரண்டு பங்குதான். எங்கள் தெரு ஆசிரியர் சொன்னது இதைத்தான். சூத்திரம் எழுதாமல் சொன்னார்.

ஸ்கூட்டரைவிடப் பரவாயில்லையே?

நானோவுக்காக வாதாடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. நான்கு பேர் ஸ்கூட்டரில் போவதைவிட நான்கு பேர் நானோவில் போவது மேல் இல்லையா? ஒரே மாதிரி இடி வாங்கினால், சந்தேகமே இல்லை, மேல்தான். சுற்றிலும் தகடு, பெல்ட், நான்கு சக்கரம். மணலில் சறுக்கி விழுவது இல்லை.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இந்த எண்ணை வைத்தே பலர் வாதத்தை முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாட்டில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள்தான், சாவிலும் அவை முன்னால் நிற்பதில் ஆச்சரியம் என்ன? அதே ஆண்டின் வேறொரு எண்தான் நானோவுக்குப் பொருந்தும். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் ஏறத்தாழ 2 சதவீதம். இறப்புகளில் அவற்றின் பங்கு 36 சதவீதம். மாநில நெடுஞ்சாலைகளையும் சேர்த்தால் 60 சதவீதம். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105 விபத்துகள்.

இப்போது அந்த ஸ்கூட்டர் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்கூட்டர் இருந்தவரை அவர்கள் ஊருக்குள்தான் சுற்றினார்கள். 40 கி.மீ. வேகம், மிஞ்சிப் போனால் 50. வெளியூருக்குப் பஸ், இல்லையென்றால் ரயில். பஸ்ஸின் எடைக்கு முன்னால் மற்ற வண்டிகள்தான் பயப்பட வேண்டும். கார் வாங்கியதும் முதல் பயணம் எங்கே? குலதெய்வம் கோயிலுக்கு. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிவிட்டு, நான்கு பேருக்கான காரில் ஐந்து பேர், நான்குவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில். பக்கத்தில் 110-இல் ஆம்னி பஸ் கடந்துபோகிறது. உயரமும் ஒல்லியுமான, முன்பக்கம் லேசான வண்டி அந்தக் காற்றில் ஆடும். முன்னால் போகிற லாரியை முந்தலாம் என்றால், 100 கி.மீ. வேகம் தொடவே நானோவுக்குக் கிட்டத்தட்ட அரை நிமிடம் பிடிக்கும்.

நானோ ஸ்கூட்டரின் இடத்தைப் பிடிக்கவில்லை. பஸ்ஸின் இடத்தைப் பிடித்தது. ஒப்பிட வேண்டியது பஸ்ஸோடு.

நகரக் கார் என்கிற கருத்து ஐரோப்பாவில் ஓரளவு வேலை செய்ததற்குக் காரணம், அதை வாங்கியவர்களில் பலருக்கு வீட்டில் இன்னொரு கார் இருந்தது. ஜப்பானில் கெய் கார்கள் என்று தனி வகுப்பே உண்டு: நீளம் 3.4 மீட்டர், இன்ஜின் 660 சிசி, இவற்றுக்குள் அடங்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு வரை விரைவுச்சாலையில் மற்ற கார்களுக்கு 100 கி.மீ. வேகம், கெய் கார்களுக்கு 80 என்று வரம்பு வைத்திருந்தார்கள். சின்ன வண்டிக்குச் சின்ன வேகம் என்று அரசே சொன்னது. நானோவோ, வேறு காரே வாங்க முடியாத வீட்டுக்கென்று செய்தது. ஒரே கார் வைத்திருப்பவன் அதை ஊருக்குள் மட்டும் ஓட்ட மாட்டான். இதை வடிவமைத்தவர்கள் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அதிகபட்ச வேகம் 105 கி.மீ. என்று வைத்ததே நெடுஞ்சாலையை நினைத்துத்தான்.

விற்காமல் போனது எதனால்

மோதல் சோதனைதான் நானோவைக் கொன்றது என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். தேதிகளைப் பார்த்தால் அது நிற்காது. 2010-இல் சில நானோக்கள் தீப்பிடித்து எரிந்தன. படங்கள் டிவியில் ஓடின. நிறுவனம் விசாரித்து, அடிப்படை வடிவமைப்பில் குறை இல்லை என்றது. ஆனாலும் புகைபோக்கிப் பகுதிக்கும் மின்சுற்றுக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகச் செய்துதருவதாக அறிவித்தது. அந்த நவம்பரில் நாடு முழுக்க விற்ற நானோ 509. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக் கட்டிய ஆலைக்கு ஒரு மாத விற்பனை அது. பின்னர் கொஞ்சம் எழுந்து, 2011-12-இல் 74 ஆயிரத்தைத் தாண்டியது. அதுதான் உச்சம். அடுத்த ஆண்டே மறுபடி சரிந்தது. சோதனை முடிவு வந்தபோது நானோ ஏற்கெனவே படுக்கையில் கிடந்தது.

உண்மையில் அதைச் சாய்த்தது 'உலகின் மிக மலிவான கார்' என்ற பட்டம். அந்தப் பட்டத்தோடு விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பிறகு ஒப்புக்கொண்டார். ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறுகிறவர் போக்குவரத்துக்காக மட்டும் மாறுவதில்லை. கல்யாண மண்டப வாசலில் இறங்குவதற்காகவும்தான். நான்கு பேர் பார்க்க, விலை குறைந்தது என்று ஊருக்கே தெரிந்த காரிலிருந்து இறங்க அவருக்கு மனம் வரவில்லை. அதே காசுக்குப் பழைய ஆல்டோ கிடைத்தது. 2018 ஜூனில் சாணந்தில் தயாரானது ஒரே ஒரு நானோ.

அதற்குப் பிறகு வந்தவை

ஓட்டுநருக்கான ஏர்பேக், பெல்ட் எச்சரிக்கை, பூட்டிக்கொள்ளாத பிரேக் (ஏபிஎஸ்) எல்லாம் 2019-இல் கட்டாயமாயின. 2020 ஏப்ரலில் புகை விதி இறுகியது. இவ்வளவும் சேர்த்தால் ஒரு லட்சம் அல்ல, இரண்டு லட்சத்திலும் ஒரு கார் செய்ய முடியாது. நானோவைச் செய்த அதே நிறுவனம்தான் 2018 கடைசியில் நெக்ஸானுக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் தயாரான எந்தக் காரும் அதற்கு முன் குளோபல் என்கேப்பில் வாங்காத மதிப்பெண். 2020-இல் அதன் சின்ன கார் டியாகோ நான்கு வாங்கியது. டியாகோ நானோவைவிட அறுபது சென்டிமீட்டருக்கு மேல் நீளம், ஏறத்தாழ ஒரு டன் எடை. அந்த அறுபது சென்டிமீட்டரும் நானூறு கிலோவும்தான் நான்கு நட்சத்திரத்தின் விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று மீட்டர் கார் செத்துவிடவில்லை. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நானோவின் உடலில் மின்மோட்டார் பொருத்தி 'நியோ' என்று செய்து பார்த்தது. பஜாஜ் க்யூட் இன்னொரு வழி: 216 சிசி இன்ஜின், 70 கி.மீ.க்கு மேல் ஓடாது, காரே அல்ல, குவாட்ரிசைக்கிள் என்று தனி வகுப்பு. ஐரோப்பியச் சோதனையில் ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. ஆனால் அது நெடுஞ்சாலைக் கனவு எதையும் விற்கவில்லை என்ற அளவில் நானோவைவிட நேர்மையான வண்டி. 2023-இல் எம்ஜி காமெட் வந்தது. நீளம் மூன்று மீட்டருக்கும் குறைவு, மின்சாரம், இரண்டு ஏர்பேக். விலை அறிமுகத்திலேயே எட்டு லட்சத்தை ஒட்டி. அதை வாங்குகிறவர் வீட்டு வாசலில் பெரும்பாலும் இன்னொரு பெரிய கார் நிற்கிறது. இந்த முறை ஆள் சரியாக அமைந்துவிட்டது. ஸ்கூட்டர் குடும்பம்தான் படத்தில் இல்லை.

பழைய நானோ வாங்கலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்த வண்டிகளுக்குப் பதினைந்து வருடம் முடிந்துவிட்டது, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். கார் ஓட்டிப் பழக, ஊருக்குள் சுற்ற என்றால் வாங்கலாம். டயரின் தேய்மானத்தை மட்டும் பார்க்காமல் தயாரித்த வருடத்தையும் பாருங்கள்; குறைவாக ஓடிய வண்டிகளில் ரப்பர் தேயாமலேயே இறுகிப் போயிருக்கும். மின்சுற்றில் வெளிக்கடை வேலை எதுவும் செய்திருந்தால் விட்டுவிடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால், என்னைக் கேட்டால், வேண்டாம்.

எங்கள் தெரு ஆசிரியரிடம் அந்த 71 கி.மீ. கணக்கைக் காட்டினேன். கணக்கு வாத்தியார் என்பதால் ஒருமுறை சரிபார்த்தார், சரி என்றார். போன ஆடியில் குலதெய்வம் கோயிலுக்கு எப்படிப் போனீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னோவா வாடகைக்குப் பிடிச்சிட்டோம்ப்பா. இத்தனை வருஷமா அப்படித்தானே."